இராக் காவலும் யந்திரக் கண்ணும்

மாங்காய் பருவம் வந்துவிட்டால் நத்தம் வட்டாரத்தில் தோப்புக் காவலும் வந்துவிடும். சிறுமலை, கரந்தமலை அடிவாரத்தில் பொழுது சாய்ந்ததும் காவலாளி போய் உட்காருகிறார். ஒரு தகர டப்பா, ஒரு டார்ச், ஒரு கம்பு; இவைதான் அவருடைய ஆயுதங்கள். எதிரே வருவதோ காட்டுமாடு. பெரிய காளை ஆயிரம் கிலோ எடையைக்கூட எட்டும். தோப்பை அவர் காக்கிறார். அவருடைய உயிரைக் காப்பது யார்?

நிலச் சொந்தக்காரர் சிலர் கண்ட வழி, திருட்டுத்தனமாக மின்சாரக் கம்பி கட்டுவது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட கம்பியில் சிக்கி 3 யானைகள் மடிந்தன. கம்பிக்கு யானை, மனிதன் என்ற பேதம் தெரியாது. விடியுமுன் தண்ணீர் பாய்ச்சப் போகிறவரும் களையெடுக்கப் போகும் பெண்ணும் அதே வரப்பில்தான் நடக்கிறார்கள்.

சர்க்கார் என்ன செய்தது? காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. மலையடிவாரத்தில் இருப்பவனுக்கு இதனால் என்ன பயன்? காட்டுமாட்டையோ சுடவே கூடாது என்பது சட்டம். ஆகவே விரட்டுவது ஒன்றே வழி.

விரட்டுவதற்கு இன்று விஞ்ஞானம் புது வழி காட்டுகிறது. கோவை மதுக்கரையில் ரயிலில் அடிபட்டு யானைகள் சாவதைத் தடுக்க, 2024 பிப்ரவரியில் 12 கோபுரங்களில் காமிராக்கள் வைக்கப்பட்டன. தண்டவாளத்தை யானை நெருங்கினால் கம்ப்யூட்டரே கண்டு தகவல் கொடுக்கிறது. செலவு 7 கோடி ரூபாய்க்கு மேல்.

ஆனால் தோப்புக்குக் கோடி வேண்டாம். உள்ளங்கை அளவுள்ள 'ராஸ்பெரி பை' கம்ப்யூட்டர், இருட்டிலும் பார்க்கும் காமிரா, ஒரு ரிலே, ஹாரன், விளக்கு, சோலார் தகடு, பாட்டரி போதும். மின்வேலை தெரிந்த இளைஞர் வீட்டிலேயே பூட்டிவிடலாம். ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கினால் மாடு எது, பன்றி எது, மனிதன் எது என்று கம்ப்யூட்டர் பிரித்தறியும். மாட்டைக் கண்டதும் ரிலே வேலை செய்யும். விளக்கு மின்னும், ஹாரன் அலறும்.

குறைகளும் உண்டு. ஒரே சத்தத்தைக் கேட்டால் மிருகம் சீக்கிரம் பழகிவிடும். சத்தத்தையும் இடத்தையும் மாற்ற வேண்டும். மிரண்ட மாடு குடிசைப் பக்கம் ஓடாமல் மலைப் பக்கம் திரும்பும்படி வைக்க வேண்டும். காமிராவில் சிலந்தி வலை கட்டினால் யந்திரம் குருடு. ஆகவே ஆள் எப்போதும் வேண்டும்.

இங்கேதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி எழுகிறது: யந்திரம் யாருக்குச் சொந்தம்? ஆட்டோகோனர் வந்தபோது நூல் மில்லில் சிரமமும் குறைந்தது, ஆட்களும் குறைந்தார்கள். லாபம் எங்கே போயிற்று என்பதை மில் தொழிலாளிக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. நாளை தோப்புச் சொந்தக்காரரும் "யந்திரம் பார்த்துக்கொள்ளும்" என்று காவலாளியை அனுப்பிவிடுவார். இரவில் மாட்டைப் பார்த்த கண்ணைப் பகலில் கூலியாள்மீது திருப்பவும் தயங்கமாட்டார்.

யந்திரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மாட்டின் முன் மனிதனை நிறுத்துவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். நாம் கோருவது இவை: சர்க்கார் செலவில், கூட்டுறவுச் சங்கங்களின் மூலம், அடிவாரச் சிறு விவசாயிகளுக்குப் பொதுவாக இதை வைக்க வேண்டும். மாட்டின் தடம் அறிந்த காவலாளிக்கே பயிற்சி கொடுத்து, கூலி குறையாமல் இதைப் பராமரிக்கும் வேலை தர வேண்டும். பகலில் காமிரா அணைக்கப்பட வேண்டும். திருட்டு மின்கம்பிகளை உடனே அகற்ற வேண்டும்.

தோழர்களே! வரும் கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். காவல் குடிசையில் இன்றிரவும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.