மரம் 25 ஆண்டு, பணம் 10 ஆண்டு

மேற்கு உகாண்டாவின் புஷென்யி மாவட்டத்தில் 2003-இல் தொடங்கியது ‘ட்ரீஸ் ஃபார் குளோபல் பெனிஃபிட்ஸ்’ திட்டம். நடத்துவது ஈகோட்ரஸ்ட் என்ற உள்நாட்டுத் தொண்டு நிறுவனம். வாழையும் காப்பியும் வைத்திருக்கிற சிறு விவசாயிகள் ஹெக்டேருக்கு 400 என்ற கணக்கில் முசிசி போன்ற நாட்டு மரங்களை நடுகிறார்கள். அவை உறிஞ்சப்போகும் கரியமில வாயுவுக்கு வெளிநாட்டு நிறுவனங்கள் விலை கொடுக்கின்றன. அதில் குறைந்தது 60 சதவீதம் விவசாயிக்கு. நல்ல ஏற்பாடுதான். என் மனத்தாங்கல் தவணையில் இருக்கிறது.

நட்டதும் 30 சதவீதம், முதலாம் ஆண்டு 20, மூன்றாம் ஆண்டு 20, ஐந்தில் 10, பத்தில் 20. ஆள் வந்து மரங்களை எண்ணி, பருமனை அளந்த பிறகே பணம். பத்தாம் ஆண்டோடு அதுவும் முடிந்தது. ஒப்பந்தமோ 25 ஆண்டு.

நானும் மானாவாரி விவசாயிதான். எங்கள் கிணற்றுமேட்டில் ஒரு வேம்பு நிற்கிறது. கன்றாக இருந்தவரை அதனால் தொந்தரவே இல்லை. இப்போது அதன் நிழல் விழுகிற இடத்தில் மல்லாட்டைச் செடி நெடுநெடுவென்று வளரும். பிடுங்கினால் காய் இருக்காது. மரம் விளைச்சலில் பங்கு கேட்பது வளர்ந்த பிறகுதான். புஷென்யியில் அதற்குள் பத்தில் ஏழு பங்கு பணம் கைக்கு வந்து செலவாகியிருக்கும். கன்று வாங்கவும் களை எடுக்கவும் முன்பணம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் வாழைத்தார் சிறுத்துப்போகிற ஆண்டுகளுக்கு யார் ஈடு கொடுப்பது?

வாங்குகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. மரம் வளர்வதற்கு முன்பே வரவு வைத்துக்கொள்ள இத்திட்டத்தில் வழி இருந்தது. ஸ்வீடனின் மேக்ஸ் பர்கர் நிறுவனம் 2018-இல் தன் உணவு முழுவதையும் பருவநிலைக்கு நன்மை செய்வது என்று அறிவித்தபோது, இந்த விவசாயிகளின் மரங்களும் அந்தக் கணக்கில் இருந்தன.

2024 ஜனவரியில் நம் ஒன்றிய வேளாண் அமைச்சகமும் வேளாண் துறைக்கான தன்னார்வ கார்பன் சந்தைக்குச் சட்டகம் வெளியிட்டிருக்கிறது. நாளை நம் ஊருக்கும் பத்திரத்தோடு வருவார்கள். மரம் நிற்க வேண்டிய ஆண்டு எத்தனையோ, அத்தனை ஆண்டும் பணம் வர வேண்டும். நிழலால் குறைகிற மகசூலுக்கு ஈட்டுத்தொகை தனியாக வேண்டும். வைத்தியச் செலவுக்கு நாலு மரம் வெட்ட நேர்ந்தால், வாங்கிய பணத்தை வட்டியோடு கேட்கக் கூடாது. இவை தமிழில் எழுதப்பட்டிருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.