குழந்தையைக் கேட்டீர்களா?

மருத்துவமனை வரிசையில் நின்றிருப்பீர்கள். கையிலே ஒரு தாளைத் திணிப்பார்கள். படித்தால் புரியாது, புரியவில்லை என்று சொல்லவோ வெட்கம்! வளர்ந்தவன் பாடே இப்படி. எட்டு வயதுச் சிறுவனிடம், 'அசௌகரியம் உண்டா? மனச்சோர்வு உண்டா?' என்று கேட்டால்? விழிப்பான், கேட்டவர் முகத்தைப் பார்ப்பான், 'இல்லை' என்பான். அந்த 'இல்லை' ஏட்டில் ஏறும், நோயோ அவனுக்குள்ளேயே இருக்கும்!

'குழந்தைக்கு என்ன தெரியும், தாயைக் கேளுங்கள்' என்பர் மேதாவிகள். தாயின் அன்பை யார் மறுத்தார்? நெற்றியிலே கை வைத்தால் காய்ச்சல் தெரியும். நெஞ்சிலே கை வைத்தால் அச்சம் தெரியுமா? நடை, ஓட்டம் போன்று கண்ணுக்குத் தெரிபவற்றில் பெற்றோர் சொல்லும் பிள்ளை சொல்லும் பெரிதும் ஒத்துப்போகின்றன. கவலை, துயரம் என்று வரும்போதுதான் அதிகம் வேறுபடுகின்றன என்று ஆய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் வழி? வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். உடல்நலத்தை ஐந்தே கேள்விகளால் அளக்கும் தாளொன்றைப் பெரியவர்களுக்காக அமைத்தது யூரோகோல் குழு. அதன் சிறுவர் தாள் 2010-இல் வெளிவந்தது. 'தற்பராமரிப்பு' என்ற பொருள்பட இருந்தது, 'என்னை நானே கவனித்துக்கொள்வது' ஆயிற்று. 'பதற்றம், மனச்சோர்வு' என்றிருந்தது, 'கவலையாக, வருத்தமாக, மகிழ்ச்சியின்றி இருப்பது' ஆயிற்று. மாற்றியதோடு விட்டார்களா? இல்லை! ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின், சுவீடன் நாட்டுப் பிள்ளைகளிடமே தாளைக் கொடுத்து, 'உனக்கு என்ன புரிந்தது, சொல்' என்று கேட்டுப் பார்த்தார்கள். பண்டிதரைக் கேட்கவில்லை, பாலகனைக் கேட்டார்கள்!

எழுத்தறியாப் பிள்ளைக்கு? அதற்கும் உண்டு. 1980-களில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் டோனா வாங், கானி பேக்கர் எனும் இரு பெண்மணிகள் ஆறு முகங்களை வரிசையாக்கினார்கள். முதல் முகம் சிரிக்கும், கடைசி முகம் கண்ணீர் வடிக்கும். எந்த முகம் உன் வலி என்று பிள்ளை விரலால் தொட்டால் போதும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கண்ணீரிலே ஒரு கண்ணி இருக்கிறது. 'ஆண்பிள்ளை அழலாமா' என்று அதட்டி வளர்க்கப்பட்டவன், உயிர் போகும் வலியிலும் அழும் முகத்தைத் தொடுவானா? நம் வீடுகளிலேயே அந்த அதட்டல் கேட்கிறதே! 2001-இல் திருத்தி வெளியான வேறொரு முகவரிசையிலே சிரிப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை. வலி மட்டுமே முகத்தில் தெரியும்.

இனி நம்மூருக்கு வருவோம். 'வயிறு என்னமோ பண்ணுது' என்கிறது நம் குழந்தை. அந்த ஐந்தாறு எழுத்தில் அடங்காத வேதனையை 'அசௌகரியம்' என்ற கட்டத்துக்குள் எப்படி அடைப்பது? ஆங்கிலத் தாளை அலுவலக மேசையிலே பெயர்த்தெழுதி அச்சுக்கு அனுப்பினால் எழுத்து தமிழாக இருக்கும், பேச்சு தமிழாக இராது. அச்சேறுமுன் ஆலைத் தொழிலாளியின் மகளிடமும், நெசவாளியின் மகனிடமும் படித்துக் காட்டட்டும். புரியாத சொல்லை அந்தப் பிள்ளைகளே காட்டிக் கொடுப்பார்கள். அதுவரை உங்கள் பிள்ளையின் தாளில் நீங்களாக எதையும் நிரப்பாதீர்கள். முதலில் அவனைக் கேளுங்கள்.