கூரை போடுவதற்குள் சொல்லுங்கள்

கொல்லிமலைக்கு வருகிறவர்கள் காற்றைப் பற்றித்தான் முதலில் பேசுகிறார்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்து, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, ஆகாய கங்கையில் குளித்துவிட்டு, "காத்து என்ன சுத்தம்!" என்று நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு இறங்கிப் போகிறார்கள். அவர்களில் ஒருவரையாவது வளப்பூர் நாட்டில் மார்கழி விடியற்காலையில் ஓர் அடுப்படிக்குள் கூட்டிப்போக வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை. ஈர விறகு பிடிக்கும்வரை கண்ணைத் திறக்க முடியாது. ஊதாங்குழலும் கையுமாக உட்கார்ந்திருக்கிற பெண்ணின் மடியில், குளிருக்கு ஒண்டிக்கொண்டு ஒரு குழந்தையும் இருக்கும்.

விறகுப் புகை எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் வீடு புதிது. புல் வேய்ந்த வீட்டில் புகை மேலே எழும்பிக் கூரையின் இண்டு இடுக்கு வழியாகக் கசிந்து போய்விடும். போகிற போக்கில் பரணில் இருக்கும் தானியத்தில் வண்டு விழாமலும் பார்த்துக்கொள்ளும். இப்போது காங்கிரீட் கூரை. மழைக்கு ஒழுகாத வீடு கிடைத்ததில் எல்லோருக்கும் நிம்மதிதான், எனக்கும்தான். ஆனால் கம்பி எத்தனை, சிமெண்ட் எத்தனை மூட்டை என்று அத்தனையும் கணக்குப் பார்த்துக் கட்டுகிற இடத்தில், உள்ளே எரியப்போவது விறகு என்பதை மட்டும் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. என் தெருவில் எழும்பிய புது வீடுகளில் புகைபோக்கியைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. குளிருக்கு அதையும் சாத்திவிடுகிறார்கள்.

"கேஸ்தான் எல்லோருக்கும் கொடுத்தாச்சே?" என்று கீழே இருந்து வருகிறவர்கள் கேட்கிறார்கள். கொடுத்தார்கள். 2007-இல் மாநில அரசு இலவச அடுப்பும் இணைப்பும் கொடுக்கத் தொடங்கியது. 2016-இல் மத்திய அரசின் உஜ்வலா வந்தது. அடுப்பு இருக்கிறது, சிலிண்டர்தான் காலி. 14.2 கிலோ சிலிண்டருக்கு முழுப் பணத்தையும் முதலில் கையிலிருந்து கொடுக்க வேண்டும். உஜ்வலா வீட்டுக்கான 300 ரூபாய் மானியம் பிறகுதான் வங்கிக்கு வரும். மிளகு விற்ற மாதம் சரி, மற்ற மாதங்களில் அந்தப் பணத்துக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டு அக்கா சொல்வார்: "அவசரத்துக்குக் காப்பித் தண்ணி வைக்க மட்டும்தான் கண்ணு கேஸு. தீந்துபோச்சுன்னா மறுபடி எப்ப வருமோ." களி கிண்டவும், வெந்நீர் வைக்கவும், குளிர்காயவும் விறகுதான்.

இதைப் பழக்கம் என்று சொல்லித் தள்ளிவிடுகிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். கள்ளக்குறிச்சியிலும் நாகப்பட்டினத்திலும், சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளையும் சேர்த்து 3,200 கர்ப்பிணிகள் அதில் இருந்தார்கள். பாதிப் பேருக்கு அடுப்பும் சிலிண்டரும் இலவசமாக வீட்டு வாசலுக்கே வந்துகொண்டிருந்தன. விறகில் சமைத்தவர்கள் சுவாசித்த காற்றில் நுண்துகள் கனமீட்டருக்கு 70 மைக்ரோகிராம் அளவில் இருந்தது. கேஸ் கிடைத்தவர்களுக்கு 24. குழந்தைகளின் பிறப்பு எடையில் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் சிலிண்டர் தவறாமல் வந்தபோது அந்தப் பெண்கள் விறகை ஏறக்குறைய முழுவதுமாக விட்டுவிட்டார்கள். எங்கே போயிற்று அந்தப் பழக்கம்?

புகைக்குச் சட்டம் போட்ட ஊரும் உண்டு. லண்டனில் 1952 டிசம்பரில் நிலக்கரிப் புகை நகரத்தை மூடி ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். 1956-இல் சட்டம் போட்டு, சில பகுதிகளில் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து புகை வரவே கூடாது என்றார்கள். அதோடு விட்டுவிடவில்லை. கணப்பை மாற்றுகிற செலவில் பத்தில் ஏழு பங்கை வீட்டுக்காரருக்குத் திருப்பிக் கொடுக்கவும் அதே சட்டத்தில் வழி வைத்தார்கள். அப்படி ஒரு விதி வந்தால் நான் முதல் ஆளாகக் கட்டுப்படுவேன்.

நம்மிடமும் 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டம் இருக்கிறது. எந்த எரிபொருளை, எந்தச் சாதனத்தில் எரிக்கலாம் என்று சொல்லும் அதிகாரத்தை அதன் 19-ஆவது பிரிவு மாநிலத்துக்குக் கொடுக்கிறது. 2019-இல் வந்த தேசியத் தூய காற்றுத் திட்டமோ நகரங்களுக்கானது. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகிய நான்கு ஊர்கள்தான் அதில் உண்டு. போகிக்கு டயர் எரிக்காதீர்கள் என்று வருஷா வருஷம் அறிவிப்பு வருகிறது, நல்லதுதான். ஆனால் வருஷம் முழுக்க இரண்டு வேளையும் அடுப்புப் புகையில் இருக்கிறவளுக்காக ஓர் அறிவிப்பும் வந்ததில்லை. காட்டில் சுள்ளி பொறுக்கினால் ஏன் என்று கேட்க ஆள் உண்டு. அதே சுள்ளி அவள் நெஞ்சுக்குள் புகையாக இறங்கும்போது கேட்பாரில்லை. வீட்டுப் புகையால் 2020-இல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இரண்டு லட்சத்துக்கு மேல். எங்கள் ஊரில் இளைத்து இளைத்துச் செத்த கிழவிகளுக்கு "வயசாச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பீடி, சுருட்டு எதையும் தொடாதவர்கள் அவர்கள்.

வெறுமனே அடுப்பை அணைக்கச் சொல்லும் விதி வேண்டாம். விறகு எரியும் வீட்டுக்குப் புகைபோக்கி இல்லாமல், வீடு கட்ட அரசு கொடுக்கும் கடைசித் தவணைப் பணம் கிடையாது என்று ஒரு விதி போடட்டும். மழையானாலும் சிலிண்டர் இத்தனை நாளுக்குள் மலைமேல் வந்தாக வேண்டும் என்று போடட்டும். ஓர் அடுப்படியிலாவது கருவி வைத்து அளக்கட்டும். புகைபோக்கி என்பது ஒரு குழாயும் மழை இறங்காத ஒரு மூடியும்தான். கட்டும்போதே வைத்தால் கொத்தனாருக்கு அது ஒரு வேலையே இல்லை. கூரை போட்ட பிறகு ஓட்டை போடச் சொன்னால், ஒழுகும் என்று வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார், அதுவும் நியாயம்தான். எங்கள் தெருக்கோடியில் இன்னொரு வீட்டுக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது. லிண்டல் மட்டம் வந்தாயிற்று. கூரை போடுவதற்குள் பொறுப்பில் இருக்கிறவர்கள் யாராவது வந்து சொல்லுங்கள்.