சுவரைக் கேட்டவர்கள்

அரசையும் மதத்தையும் பிரித்து வைக்கச் சொல்பவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவராகத்தான் இருப்பார் என்பது பரவலான எண்ணம். இந்தப் பிரிவினையை அரசமைப்பிலேயே எழுதிவைத்த அமெரிக்காவின் வரலாறு அந்த எண்ணத்துக்கு இடம் தரவில்லை. அங்கே இதற்காகச் சிறைக்குப் போனவர்கள் வேதம் போதித்தவர்கள்.

பிரிட்டிஷ் ஆட்சியில் வர்ஜீனியாவின் அரசு மதமாக இருந்தது இங்கிலாந்துத் திருச்சபை. அதன் பாதிரியாருக்கான சம்பளம் ஊராரின் வரியிலிருந்து போனது. வெகுகாலம் அது புகையிலையாகவே அளக்கப்பட்டது. வேறு சபைக்காரரும் அந்த வரிக்குத் தப்ப முடியாது. போதகர்கள் அரசிடம் உரிமம் வாங்க வேண்டும் என்றும் விதி இருந்தது. கடவுளின் வார்த்தையைச் சொல்ல அரசின் சீட்டு எதற்கு என்று கேட்ட பாப்டிஸ்ட் போதகர்கள் 1760களின் கடைசியிலிருந்து சிறையில் அடைக்கப்பட்டார்கள். கல்பெப்பர் சிறையில் இருந்த ஜேம்ஸ் அயர்லாந்து, ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே கூடியவர்களுக்கு உள்ளிருந்தபடியே பிரசங்கம் செய்தார். தன் ஊருக்குப் பக்கத்து மாவட்டத்தில் ஐந்தாறு போதகர்கள் அடைபட்டுக் கிடப்பதைக் கண்டு கொதித்து, 1774 ஜனவரியில் நண்பருக்குக் கடிதம் எழுதினார் 22 வயது ஜேம்ஸ் மேடிசன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து வர்ஜீனியா தன் உரிமைப் பிரகடனத்தை எழுதியபோது, பிற சபைகளைச் 'சகித்துக்கொள்வது' பற்றி வரைவு பேசியது. மேடிசன் அந்தச் சொல்லை நீக்கவைத்தார். சகித்துக்கொள்பவர் மனம் மாறினால் சகிப்பும் போய்விடும். உரிமை அப்படிப் போகாது. மனசாட்சிப்படி வழிபட எல்லாருக்கும் சம உரிமை உண்டு என்று பிரகடனம் திருந்தியது.

1784இல் பேட்ரிக் ஹென்றி கொண்டுவந்த மசோதா பார்வைக்கு நியாயமாகவே இருந்தது. கிறிஸ்தவப் போதகர்களுக்காக ஒரு வரி. அது எந்தச் சபைக்குப் போக வேண்டும் என்பதைக் கட்டுபவரே சொல்லலாம். மறு ஆண்டு மேடிசன் 15 வாதங்களை அடுக்கி இதற்கு எதிராக ஒரு விண்ணப்பம் எழுதினார். பிற மதங்களை ஒதுக்கிக் கிறிஸ்தவத்தை மட்டும் தேர்ந்தெடுக்கும் அதிகாரம், நாளை பிற சபைகளை ஒதுக்கி ஒரே சபையைத் தேர்ந்தெடுக்கும். மூன்று பென்ஸ் வாங்க இடம் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்ததாகிவிடும். பாப்டிஸ்டுகளும் பிரெஸ்பிட்டீரியன்களும் அனுப்பிய மனுக்கள் குவிந்தன, மசோதா மடிந்தது. 1786 ஜனவரியில் தாமஸ் ஜெஃபர்சனின் மதச் சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. தன் கல்லறையில் பொறிக்கச் சொன்ன மூன்று சாதனைகளில் இந்தச் சட்டத்தைச் சேர்த்த ஜெஃபர்சன், அதிபர் பதவியைச் சேர்க்கவில்லை.

1791இல் நடைமுறைக்கு வந்த முதல் சட்டத்திருத்தம் மதம் குறித்து இரண்டு தடைகளை விதித்தது. நாடாளுமன்றம் எந்த மதத்தையும் அரசு மதமாக நிறுவும் சட்டத்தை இயற்றக் கூடாது. மதத்தைப் பின்பற்றும் சுதந்திரத்தைத் தடுக்கவும் கூடாது. ஆனால் இது மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தியது. கனெக்டிகட்டில் காங்கிரகேஷனல் சபைக்கான வரி 1818 வரையும், மாசசூசெட்ஸில் மத வரி 1833 வரையும் நீடித்தன. கனெக்டிகட்டில் பாப்டிஸ்டுகள் விலக்குப் பெற, தாங்கள் வேறு சபையினர் என்று சான்றிதழ் கொடுக்க வேண்டியிருந்தது. அதை அவமானமாக உணர்ந்த டான்பரி பாப்டிஸ்டுகள் 1801 அக்டோபரில் அதிபர் ஜெஃபர்சனுக்கு எழுதினார்கள். அரசுக்கும் திருச்சபைக்கும் நடுவே ஒரு சுவர் என்ற புகழ்பெற்ற உருவகம் வந்தது அவருடைய பதிலில்தான். தேதி 1802 ஜனவரி 1.

அதே நாளில் ஜான் லேலண்ட் என்ற பாப்டிஸ்ட் போதகர் மாசசூசெட்ஸின் செஷயர் ஊரிலிருந்து 1,235 பவுண்டு, ஏறத்தாழ 560 கிலோ, எடையுள்ள பாலாடைக்கட்டியை அதிபர் மாளிகையில் கொண்டுவந்து இறக்கினார். மத உரிமைக்கு நின்ற தலைவருக்கு அவ்வூர் மக்களின் காணிக்கை அது. இரண்டு நாள் கழித்து நாடாளுமன்றக் கூடத்தில் லேலண்ட் பிரசங்கிக்க, ஜெஃபர்சன் உட்கார்ந்து கேட்டார். சுவரைப் பற்றி எழுதிய அதே வாரத்தில் அவர் அரசுக் கட்டடத்தில் வழிபாட்டில் இருந்தார். அந்தச் சுவரின் அளவு அன்றே விவாதத்துக்குரியதுதான்.

விவாதம் நீதிமன்றங்களில் தொடர்ந்தது. 1947இல் உச்ச நீதிமன்றம் சுவர் மாநிலங்களுக்கும் பொருந்தும் என்றது. ஆனால் அதே தீர்ப்பில், கத்தோலிக்கப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பேருந்துக் கட்டணத்தை அரசு திருப்பித் தருவதை 5-4 என்ற கணக்கில் அனுமதித்தது. 1962இல், அரசுப் பள்ளிக்காக அதிகாரிகள் எழுதிக்கொடுத்த பிரார்த்தனையை விலக்கியது. 2022இல், ஆட்டம் முடிந்ததும் மைதானத்தில் மண்டியிட்டு ஜெபித்த பள்ளிப் பயிற்சியாளரின் பக்கம் நின்றது.

கொடிக்கு வணக்கம் செலுத்தப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அதே நீதிமன்றத்தின் 1943ஆம் ஆண்டுத் தீர்ப்பு இந்தியா வரை வந்தது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றும் பாடாததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986இல் அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்ட நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்த அமெரிக்கத் தீர்ப்பையும் எடுத்துப் பேசினார்.

இந்திய அரசமைப்பு அமெரிக்கச் சுவரை அப்படியே எழுப்பவில்லை. கோயில் சொத்து, நிர்வாகம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்த அரசுக்கு இடம் தந்திருக்கிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்ப்பதற்கென்று யாரிடமும் வரி வாங்கக் கூடாது என்கிறது பிரிவு 27. வர்ஜீனியாவில் மூன்று பென்ஸை முன்வைத்து எழுந்த வாதம்தான் இது. அரசு ஒரு மதத்தைத் தாங்கத் தொடங்கினால் முதலில் அடிபடுவது மதமில்லாதவர் அல்லர்; அந்த ஊரில் எண்ணிக்கையில் குறைந்த பக்தர்.