மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரினுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்

2011ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தில் நடந்த ஏலமொன்றில் ஒரு பழைய பந்தயக் கார் எட்டு இலட்சத்து நாற்பத்து மூவாயிரம் பவுணுக்கு விலைபோனது. அதனை விற்றவர் 1969இல் வாங்கியபோது கொடுத்த விலை 155 பவுண். அக்கார் ஒஸ்ரின் ஹீலி 100எஸ். அதன் பதிவெண் என்.ஓ.ஜே. 393.

பெரும் பந்தயம் எதிலும் முதலிடம் பெற்றதால் அதற்கு இவ்விலை கிடைக்கவில்லை. எந்த நாளில் எந்தப் பாதையில் அது ஓடியது, யார் செலுத்தினார், எங்கே அடிபட்டது, எவர் கைக்கு மாறியது என்பனவெல்லாம் எழுதி வைக்கப்பட்டிருந்தன. அந்த எழுத்துக்கே பணம் கொடுக்கப்பட்டது. இச்செய்தியை வாசிக்கும் யாழ்ப்பாணத்தவர் ஒருவருக்கு ஓர் எண்ணம் தோன்றாமற் போகாது. அதே ஒஸ்ரின் குடும்பத்தைச் சேர்ந்த கார்கள் நம்முடைய ஒழுங்கைகளிலும் ஓடின. அவை ஓடியது 24 மணிநேரப் பந்தயம் அல்ல. ஆண்டுக்கணக்கில் நீண்ட ஓட்டம். அந்த ஓட்டத்துக்கு எவரிடம் பதிவேடு இருக்கிறது?

ஒப்பீடு மிகையென்று கருதுவோருக்காக முதலில் அந்தப் பந்தயக் காரின் வரலாற்றைச் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பிரித்தானியாவுக்கு அந்நியச் செலாவணி உயிர்மூச்சாக இருந்தது. லோங்பிரிட்ஜிலிருந்த ஒஸ்ரின் தொழிற்சாலை தன் கார்களை உலகெங்கும் ஏற்றுமதி செய்ய முற்பட்டது. அதற்கு விளம்பரம் தேவைப்பட்டது. வெறும் வேகத்தைக் காட்டினாற் போதாது. இந்தக் கார் நடுவழியில் நிற்காது என்ற நம்பிக்கையை வாங்குபவருக்கு ஊட்டவேண்டும். ஆகவே நெடுந்தூரச் சோதனைகளை நடத்தினார்கள். 1949இல் ஒஸ்ரின் ஏ-90 அற்லான்ரிக் கார் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் ஓடுபாதையில் ஏழு நாள் இரவு பகலாக ஓடி, உற்பத்திக் கார்களுக்கான 63 சாதனைகளை முறியடித்தது. 1951இல் அலன் ஹெஸ் என்பவர் ஒஸ்ரின் ஏ-40 ஸ்போர்ட்ஸ் காரில் உலகைச் சுற்றி வந்தார். முப்பது நாளில் முடியுமா என்று ஒஸ்ரின் நிறுவனத் தலைவர் லியனார்ட் லோர்ட் அவருடன் பந்தயம் கட்டியிருந்தார். ஹெஸ் 21 நாளில் திரும்பி வந்து பந்தயத்தை வென்றார். கடல்களைக் கடப்பதற்கு விமானம் உதவியது. தரைவழியை அந்தச் சிறிய 1200 சிசி எஞ்சினே கடந்தது. யாழ்ப்பாணத்தில் நாம் 'ஏ போர்ட்டி' என்று செல்லமாக அழைத்த குடும்பக் கார்களின் எஞ்சினும் அவ்வகையைச் சேர்ந்ததே. ஸ்போர்ட்ஸ் காரில் காபரேட்டர் இரண்டு என்பது முக்கிய வேறுபாடு.

அதே லோர்ட் 1952இல் இலண்டன் மோட்டார் கண்காட்சியில் டொனால்ட் ஹீலி என்ற சிறு தயாரிப்பாளரின் காரொன்றைக் கண்டார். ஏ-90இன் 2660 சிசி எஞ்சினைத் தாழ்வான, அழகிய உடலமைப்புக்குள் வைத்து ஹீலி அதனை உருவாக்கியிருந்தார். லோர்ட் உடனடியாக உடன்பாடு செய்துகொண்டார். ஒஸ்ரின் ஹீலி 100 பிறந்தது. மணிக்கு 100 மைல் வேகத்தை எட்டும் என்பதே பெயரிலுள்ள எண்ணின் பொருள்.

1953இல் பிரான்சின் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தில் இரண்டு ஹீலி கார்கள் கலந்துகொண்டன. பந்தயத்துக்கெனவே வடிக்கப்பட்ட கார்களுக்கு நடுவே, கடையில் விற்கப்படும் காருக்கு மிக நெருங்கிய அமைப்புடன் அவை ஓடின. மொத்த வரிசையில் 12ஆம், 14ஆம் இடங்கள். தம் பிரிவில் இரண்டாம், மூன்றாம் இடங்கள். 1954இல் அமெரிக்காவின் செப்ரிங் 12 மணிநேரப் பந்தயத்தில் ஒரு ஹீலி மொத்த வரிசையில் மூன்றாமிடம் பெற்றது. அந்த வெற்றியின் நினைவாகவே 'எஸ்' என்ற எழுத்து பெயரில் சேர்ந்தது. நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக், அலுமினிய உடல் என்பவற்றுடன் 100எஸ் வகையில் ஐம்பது கார்களே விற்பனைக்குச் செய்யப்பட்டன. 1955இல் செப்ரிங்கில் ஸ்ரேர்லிங் மொஸ்ஸும் லான்ஸ் மக்லினும் இவ்வகைக் காரில் ஆறாமிடம் பெற்றனர். அதே ஆண்டு இத்தாலியின் மிலே மில்லியா நெடுஞ்சாலைப் பந்தயத்தில் ஜோர்ஜ் அபெகாசிஸ் பதினோராம் இடத்தில் முடித்தார்.

மூன்றாம் இடம், ஆறாம் இடம், பதினோராம் இடம். நம்மூர்ப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் இவற்றுக்கு இரண்டு வரிகூடக் கிடைத்திராது. நெடுந்தூரப் பந்தயத்தின் இலக்கணம் வேறு. அங்கே புறப்பட்ட கார்களிற் பெரும்பகுதி பாதிவழியில் நின்றுவிடும். முடிவுக்கோட்டை அடைவதே அங்கு ஒரு தகுதி. காரைச் செலுத்துபவரோடு, தரிப்பிடத்தில் நின்று சக்கரம் மாற்றுபவர், எண்ணெய் ஊற்றுபவர், இரவு இரண்டு மணிக்குப் பிளக்கைக் கழற்றித் துடைப்பவர் எல்லோரும் சேர்ந்தே அந்த இடத்தைப் பெறுகிறார்கள்.

இனி இந்த வரலாற்றின் கருநாள். 1955 யூன் 11ஆம் திகதி மாலை, லு மானில் முன்னே சென்ற மைக் ஹோதோர்னின் ஜாகுவார் தரிப்பிடத்துக்குத் திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்தது. பின்னால் வந்த மக்லினின் ஹீலி அதனைத் தவிர்க்க இடப்பக்கம் விலகியது. அதிவேகமாக வந்த பியேர் லெவேயின் மேர்சிடிஸ் ஹீலியின் பின்பகுதியில் மோதி மேலெழும்பிப் பார்வையாளர் பகுதியிற் சிதறியது. லெவேயும் எண்பதுக்கு மேற்பட்ட பார்வையாளர்களும் மாண்டனர். பந்தயம் நிறுத்தப்படவில்லை. கூட்டம் ஒரேயடியாகக் கலைந்தால் காயப்பட்டோரை ஏற்றும் வாகனங்களுக்கு வழி இராது என்று காரணம் கூறினர். மேர்சிடிஸ் தன் ஏனைய கார்களை நள்ளிரவுக்குப் பின்னர் விலக்கிக்கொண்டது. ஹோதோர்னின் ஜாகுவார் வென்றது. பின்னர் நடந்த விசாரணை எந்தச் சாரதியையும் குற்றவாளியாகக் காணவில்லை. வேகம் வளர்ந்த அளவுக்கு ஓடுபாதை வளரவில்லை என்பதே அது கண்ட உண்மை.

அன்று மக்லின் செலுத்திய கார்தான் என்.ஓ.ஜே. 393. இங்கே மனச்சங்கடம் தரும் கேள்வி ஒன்று உண்டு. இத்தனை உயிரிழப்போடு தொடர்புடைய காருக்கு இவ்வளவு விலை கொடுப்பது முறையா? விலையைப் பற்றி நான் வாதாட வரவில்லை. பதிவைப் பற்றியே பேசுகிறேன். வெற்றியை எழுதிய அதே கையால் அந்த மாலைப்பொழுதையும் எழுதினார்கள். மூடி மறைத்திருந்தால் ஓடுபாதைகளின் பாதுகாப்புப் பற்றி உலகம் கற்றுக்கொள்வது மேலும் பிந்தியிருக்கும். நல்லதை மட்டும் எழுதிய பதிவேட்டைப் புகழுரை என்று சொல்லலாம். வரலாறென்று சொல்ல முடியாது.

இப்போது யாழ்ப்பாணத்துக்கு வருவோம்.

1950களில் இலங்கைக்கு வந்த ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் நம்மிடையே இத்தனை காலம் நிலைத்தமைக்கு முதற்காரணம் பொருளாதாரம். அறுபதுகளிலும் எழுபதுகளின் பெரும்பகுதியிலும் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. புதியது கிடைக்காத நாட்டில் பழையதைப் பேணுவதே ஒரு தொழிலாயிற்று. 1977க்குப் பின்னர் யப்பானியக் கார்கள் வந்தபோதும் வாடகைக் கார்த் தரிப்பிடங்களில் ஏ போர்ட்டியே அணிவகுத்து நின்றது. அவற்றின் பதிவெண்களில்கூட நாட்டின் அரசியல் எழுதப்பட்டிருந்தது. முந்தி வந்தவற்றில் ஆங்கில எழுத்து. ஐம்பதுகளின் பிற்பகுதியிற் பதிவானவற்றில் சிங்கள ஸ்ரீ. அந்த ஓரெழுத்தை எதிர்த்துத் தமிழர் நடத்திய போராட்டத்தை மூத்தோர் அறிவர்.

1990 யூனில் மீண்டும் போர் மூண்டது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் குடாநாட்டுக்குள் வருவது நின்றது. கள்ளமாக வந்த சொற்பமோ பொன்னின் விலை. அப்போதுதான் நம்முடைய நெடுந்தூரப் பந்தயம் தொடங்கியது.

மண்ணெண்ணெயில் காரை ஓட்டினோம் என்று புலம்பெயர் நாடுகளில் நம் பிள்ளைகளுக்குச் சொன்னால் கதையளக்கிறோம் என்று நினைக்கிறார்கள். அதன் சூட்சுமம் இதுதான். பெற்றோலைப் போல மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலிற் சில துளியைக் காபரேட்டருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பிக்கவேண்டும். சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாறவேண்டும். பிரித்தானியாவின் பேர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை இதே தத்துவத்தில் தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டது. நம்மவர்கள் வரைபடமோ உதிரிப்பாகமோ இன்றிக் கராஜின் தரையிற் குந்தியிருந்து அதனைச் செய்தார்கள்.

பழைய ஏ போர்ட்டி இதற்கு ஈடுகொடுத்தமைக்கும் அறிவியற் காரணம் உண்டு. அதன் நெருக்கல் விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவிலேயே இருந்தது. நெருக்கல் கூடிய புதிய எஞ்சின்களில் மண்ணெண்ணெய் உரிய நேரத்துக்கு முன்னரே வெடித்துப் பிஸ்ரனைத் தாக்கும். பழைய எஞ்சினிலோ பற்றவைக்கும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளினால் சமாளிக்கலாம். ஆயினும் அதற்கும் விலை கொடுக்கவேண்டியிருந்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். பிளக்கில் கரி படியும். பின்னால் வெண்புகை எழும்பி வீதியை மறைக்கும். நான் அன்று பணியாற்றிய பத்திரிகையின் விநியோக வண்டி வருவதை அதன் மணத்தைக்கொண்டே வாசகர்கள் அறிந்துகொள்வார்கள்.

இதனை வீரகாவியமாக்குவது என் நோக்கமன்று. காருக்கு ஊற்றிய மண்ணெண்ணெய் இன்னொரு வீட்டின் விளக்குக்கும் அடுப்புக்கும் உரியது. கார் அமர்த்தும் வசதியில்லாத நோயாளியைச் சைக்கிளில் வைத்து உருட்டிச்சென்ற காலம் அது. தட்டுப்பாட்டில் பணம் பண்ணியவர்களும் நம்மிடையே இருந்தார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் இலட்சக்கணக்கான மக்கள் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்த அந்த மழையிரவில், முதியோரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு ஊர்ந்த கார்களும் இருந்தன. எரிபொருளின்றிக் கைவிடப்பட்டவையும் இருந்தன. லு மான் மாலையைப் போலவே இவையும் மறைக்காமல் எழுதப்படவேண்டியவை.

2002இல் ஏ9 வீதி திறந்தது, 2006இல் மூடியது, 2009இல் மீண்டும் திறந்தது. போரின் பின்னர் முச்சக்கரவண்டிகளும் சொகுசு வான்களும் குடாநாட்டை நிறைத்தன. பழைய ஒஸ்ரின்கள் சில மணமக்களை ஏற்றும் அலங்கார ஊர்தியாயின. சில பழங்கார் பிரியர்களின் சேகரிப்புக்குப் போயின. பல, நிறையில் விற்கப்பட்டுப் பழைய இரும்பாயின. வாங்குபவர் வர்ணம் பூசுகிறார், குரோமியத்தை மினுக்குகிறார், காபரேட்டரைப் புதிதாக்குகிறார். அத்தோடு அந்தக் கார் எதனால் அருமையானதோ அதன் கடைசித் தடயமும் போய்விடுகிறது.

அதைவிட விரைந்து போய்க்கொண்டிருப்பவர்கள் அவற்றை ஓடவைத்த மனிதர்கள். 1990இல் நாற்பது வயதான மெக்கானிக் ஒருவர் இன்று எழுபதைக் கடந்து நிற்கிறார். அவர் எந்த நூலும் எழுதவில்லை. அவர் அறிவு அவருடைய கையிலும் காதிலும் இருக்கிறது. எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே குறையைச் சொல்லும் அக்காதுக்கு வாரிசு இல்லை.

ஆகவே என் கோரிக்கை எளியது. கோடிகள் செலவிட்டு அருங்காட்சியகம் கட்டச் சொல்லவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சியில் இயங்குகிறது. அங்கே பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரிலுள்ள மூத்த மெக்கானிக் ஒருவரைத் தேடிச்சென்று, தடைக்காலத்தில் அவர் செய்த மாற்றங்களைக் கேட்டு, அளந்து, வரைந்து, ஒலிப்பதிவும் செய்தால் போதும். 2005 முதல் நம் நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமமாக்கிவரும் நூலகம் நிறுவனம் போன்ற அமைப்புகள் அதனைப் பேணலாம். பழைய காரை இன்னும் வைத்திருப்போர் ஒரு கொப்பி வாங்கி, கார் எந்த ஆண்டு வந்தது, எவரெவர் கைமாறியது, எந்த ஆண்டுகளில் மண்ணெண்ணெயில் ஓடியது, எவரை எங்கே ஏற்றிச்சென்றது என்று எழுதி ஆசனத்தின் கீழ் வைக்கலாம். விற்கும்போது காரோடு கொப்பியையும் கொடுக்கலாம். கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் வாசகர்கள் தங்கள் தந்தையரின் காரைப் பற்றி அவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதலாம்.

ஒஸ்ரின் ஹீலிக்காரர்கள் பதினோராம் இடத்தையும் எழுதினார்கள். எண்பது பேர் மாண்ட நாளையும் எழுதினார்கள். ஆகவேதான் எழுபது ஆண்டுகளின் பின்னரும் அக்காரைப் பற்றி யாழ்ப்பாணத்தவன் ஒருவனால் இவ்வளவு விரிவாகச் சொல்ல முடிகிறது. நம் ஊரின் ஏ போர்ட்டியைப் பற்றிச் சொல்லவோ என்னிடம் இருப்பவை நினைவுகள் மட்டுமே. நினைவுக்கும் ஆயுள் உண்டு. அது முடிவதற்குள் கொப்பியை எடுங்கள்.