ஒரே வரியில் திறக்கும் வாசல்

2011 மார்ச்சில் அமெரிக்காவின் ஆர்எஸ்ஏ நிறுவன ஊழியர் ஒருவர், குப்பை அஞ்சலில் கிடந்த மின்னஞ்சலை எடுத்துத் திறந்தார். அதனுடன் ‘2011 ஆள்சேர்ப்புத் திட்டம்’ என்றொரு எக்செல் கோப்பு. தாள் முழுக்க வெறுமை. முதல் கட்டத்தில் மட்டும் ஒரு பெருக்கல் குறி. அந்தக் குறிதான் ஃப்ளாஷ் துண்டு. எக்செல் அதை ஃப்ளாஷ் பிளகின் என்னும் துணை நிரலிடம் ஒப்படைக்க, ஃப்ளாஷை வெளியிட்ட அடோபி அதுவரை அடைத்திராத ஓட்டை வழியாக உளவு நிரல் கணினிக்குள் இறங்கியது. உலகெங்கும் கடவு எண் கருவிகளை விற்றுவந்த அந்த நிறுவனம், அவற்றை மாற்றித்தர முன்வர வேண்டியதாயிற்று.

கணக்குப் பார்க்கும் மென்பொருளுக்கு அசைபடம் ஓட்டும் வேலை எதற்கு? யாருக்காவது தேவைப்படலாம் என்று திறந்துவைத்த வாசல் அது. இன்று டெஸ்க்டாப் செயலிகளை உருவாக்குவோரும் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நெட்ஸ்கேப் உலாவிக் காலத்துப் பிளகின்கள் பயனரின் உரிமைகள் அத்தனையோடும் கணினியில் இயங்கின. அவற்றில் ஓர் ஓட்டை விழுந்தால், யாரோ எழுதிய இணையப் பக்கம் நம் கோப்புகளைத் தொட்டுவிடும். பட்ட பிறகே புத்தி வந்தது. குரோம் 2015இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2017இலும் அந்த முறையைக் கைவிட்டன. ஃப்ளாஷ் மட்டும் விதிவிலக்காக நீடித்து, 2020 டிசம்பர் 31உடன் அடோபியின் ஆதரவை இழந்தது.

உலாவிகள் கற்ற பாடத்தைச் செயலிகள் மறந்துவிடக் கூடாது. குரோமியம் உலாவியையும், கணினியின் கோப்புகளைத் தொடவல்ல நோடு.ஜேஎஸ்ஸையும் சேர்த்துக் கட்டித் தருவது எலெக்ட்ரான் என்னும் கட்டமைப்பு. விஎஸ் கோடு, ஸ்லாக், டிஸ்கார்டு எல்லாம் அதன்மேல் எழுந்தவை. அதில் ‘பிளகின்ஸ்’ அமைப்பு இயல்பாக மூடியே இருக்கும். பிடிஎஃப் காட்டுவதற்காக ஒரே வரியில் அதைத் திறந்துவிடலாம். அந்த ஒரு வரியே பேராபத்து ஆகிவிடாது. பக்கத்துக்கு நோடு அணுகல் தரும் ‘நோடு இன்டக்ரேஷன்’ திறந்தும், பக்கத்தை அடைத்துவைக்கும் சாண்ட்பாக்ஸ் அணைந்தும் இருக்கும் செயலியில் அந்த வரியும் சேர்ந்தால் விபரீதம் கூடும்: உள்ளே நுழைந்த ஸ்கிரிப்ட் கோப்புகளைப் படிக்கலாம், கட்டளைகளை ஓட்டலாம். இதை உணர்ந்தே எலெக்ட்ரான் நோடு இன்டக்ரேஷனை 2019இல் இயல்பாக மூடியது. சாண்ட்பாக்ஸை 2022இல் இயல்பாக இயக்கியது.

இது வெறும் கற்பனை அச்சம் அல்ல. வாட்ஸ்அப் டெஸ்க்டாப் செயலியில், திருத்தி அனுப்பிய ஒரு சுட்டி முன்னோட்டத்தின் வழியாகவே கணினியின் கோப்புகளைப் படிக்க முடியும் என்பதை ஆய்வாளர் கால் வைஸ்மன் 2020இல் வெளிப்படுத்தினார். செயலி பழைய குரோமியத்தைச் சுமந்துகொண்டிருந்ததும் அதற்குக் கைகொடுத்தது.

பிடிஎஃப் காட்டாமல் அலுவலக வேலை எப்படி நடக்கும் என்பது நியாயமான கேள்வி. காட்டட்டும், ஆனால் தனிச் சாளரத்தில், சாண்ட்பாக்ஸுக்குள், நோடு அணுகல் இல்லாமல். வெளித்தளம் எதுவும் அந்தச் சாளரத்துக்குள் வரக் கூடாது. குரோமியத்துக்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்தால், செயலியும் தாமதமின்றிப் புதுப்பிக்கப்பட வேண்டும். எவையெல்லாம் திறந்திருக்கின்றன, ஏன் என்று எழுத்துபூர்வமாகக் கேட்காமல் எந்த அலுவலகமும் செயலியை வாங்கக் கூடாது.

ஆர்எஸ்ஏவில் கோப்பைத் திறந்தவர் அந்த ஊழியர்தான். ஆனால், எக்செல்லுக்குள் ஃப்ளாஷுக்கு வாசல் வைத்தவர் அவர் அல்ல; அப்படியொரு வாசல் இருப்பதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவும் இல்லை. வாசல் வைப்பவர்கள்தான் அதற்குக் காவலும் வைக்க வேண்டும்.