கிணற்றடிக்கு வர வேண்டிய உணரி

பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும்; ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்றது. இதே மாசுக்காக 1996-இல் அதே நீதிமன்றம் தந்த வேலூர் தீர்ப்புக்குப் பிறகும் மாசு நிற்கவில்லை. கண்காணிப்பு எந்தக் கருவியால், எந்த இடத்தில் என்ற கேள்விக்கு, மாசைக் கண்டால் ஒளிரும் பாக்டீரிய உணரிகளை வடிவமைப்பவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

உணரிக்கான பாகங்களுக்குப் பஞ்சமில்லை. ஓக்ரோபாக்ட்ரம் டிரிடிசி என்ற பாக்டீரியாவின் ChrB புரதமும் அதன் புரோமோட்டரும் பச்சை ஒளிர்புரத மரபணுவோடு இணைக்கப்பட்டு, குரோமேட்டுக்கு (நச்சான ஆறிணைதிற குரோமியம்) மட்டும் ஒளிரும் செல்கள் 2013-லேயே வெளிவந்துவிட்டன. அவை எட்டிப் பிடிக்க வேண்டிய அளவும் தெளிவு: குடிநீரில் மொத்த குரோமியத்துக்கு இந்தியத் தரம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அதாவது சுமார் 1 மைக்ரோமோலார்.

சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. குரோமேட் செல்லுக்குள் நுழைவது சல்பேட் கடத்திகள் வழியே. தோல் பதனிடக் குரோமியம் சல்பேட் பயன்படுகிறது. அந்தக் கழிவு இறங்கிய நிலத்தடி நீரில் சல்பேட் முந்திக்கொள்ள, குரோமேட் வெளியிலேயே நின்றுவிடும். ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர் ஓடைநீரிலும் வாணியம்பாடிக் கிணற்றுநீரிலும் ஒரே அளவு குரோமேட்டைக் கலந்தாலும், கிணற்றுநீரில் ஒளி மங்கும். விஷநீர் நல்லநீராகக் கணக்கில் ஏறும். எனவே ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்க்கும் எல்பி ஊடகத்தில் வரைந்த அளவீட்டுக்கோடு பாலாற்றுக்கு உதவாது. ஜவ்வாது மலை நீரை அடிப்படையாக வைத்து, சல்பேட்டும் உப்பும் படிப்படியாகக் கூட்டிப் புதுக்கோடு வரைய வேண்டும். மூவிணைதிற குரோமியத்தை இந்த உணரி பார்க்காது என்பதால், அணு உறிஞ்சல் அளவீடும் உடன் வேண்டும்.

மாதிரியை ஆய்வகத்துக்கு எடுத்துவரலாமே என்பார்கள். ஆறிணைதிற குரோமியம் எப்போதும் நிலையாக இருப்பதில்லை. கரிமப் பொருள் கலந்த நீரில் வழியிலேயே ஒடுங்கி மூவிணைதிறமாகிவிடலாம். செல்தான் கிணற்றடிக்குப் போக வேண்டும்.

அங்கேதான் மரபணு மாற்றிய உயிரிகளுக்கான 1989 விதிகள் குறுக்கே நிற்கின்றன. கிணற்றடியில் அளவைப் படித்து முடித்ததும் குளோரின் ஊற்றிக் கொல்லப்படும் மூடிய குப்பிக்கென அவை தனி வகை வைக்கவில்லை. வேற்று மரபணு இல்லாத மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு மட்டும் 2022 மார்ச் 30 அன்று சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஒரே அலுவலகக் குறிப்பாணையில் 7 முதல் 11 வரையிலான விதிகளிலிருந்து விலக்குக் கிடைத்தது. விதைக்கு வழி திறந்த அதே அமைச்சகத்துக்கு, விஷநீர் குடிப்பவரின் கையில் இருக்க வேண்டிய குப்பி ஏன் கண்ணில் படவில்லை? ராணிப்பேட்டையில் 1995-இல் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு 2 லட்சம் டன்னுக்கு மேல் குவிந்தது. அந்தக் குவியலுக்கு இந்த நாட்டில் இடம் கிடைத்தது. அது கசிவதைச் சொல்லும் செல்லுக்கு இடமில்லை என்பது பொறுக்கக்கூடியதல்ல.

மூடிய கொள்கலனில் பயன்படும் நோயற்ற உணரிச் செல்களுக்குத் தனி வகையும், அனுமதி தருவதற்குக் காலவரையறையும் அறிவிக்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடிக் கிணறுகளில் சோதனை ஓட்டத்துக்கு அனுமதி கேட்டு, நீதிமன்றம் சொன்ன பாலாற்றுக் குழுவே மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவுக்கு எழுத வேண்டும்.